தனிவண்டிப் பயணம்

சென்ற இதழில், மழைக்காலம் தொடங்குமுன் ஓட்டுக் கூரையைச் செப்பனிட்டுக் கொள்வதைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்துப் பாராட்ட வந்ததாகச் சொல்லிக்கொண்டு, நம் சங்கத்து இளைஞர் பிரிவைச் சேர்ந்த தம்பி ஒருவர் ஒரு மாலை என் கடைக்கு வந்தார். பாராட்டு இரண்டு வாக்கியங்களில் முடிந்தது. பிறகுதான் உள்ளத்தில் இருந்தது வெளியே வந்தது.

"ஐயா, சித்திரை மாதத்தில் நாம் பதினொரு வண்டிகளில் கன்னியாகுமரிக்குப் போய் வந்தோம். அதன் பிறகு இரண்டு முறை போனோம். இரண்டு முறையும் தாங்கள் வரவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் தாங்கள் மட்டும் தனியே வண்டியை எடுத்துக்கொண்டு களியக்காவிளைப் பக்கம் போவதைப் பார்க்கிறோம். எங்கள்மேல் ஏதேனும் வருத்தமா?" என்று கேட்டார்.

வருத்தம் ஒன்றுமில்லை என்றேன். அவர் நம்பவில்லை. "அப்படியானால் காரணத்தை நம் பத்திரிகையிலேயே எழுதிவிடுங்கள். எல்லோரும் தெரிந்துகொள்ளட்டும்" என்று சொல்லிப் போய்விட்டார். அவருக்குத் தர வேண்டிய பதிலைத்தான் இந்தத் திங்கள் எழுதுகிறேன். சொந்தக் கதை சற்றே கலந்திருக்கும். அன்பர்கள் பொறுத்தருள வேண்டும்.

நாம் குடியிருக்கும் உதியன்குளங்கரை நெடுஞ்சாலையின்மேல் அமைந்த ஊர். வடக்கே அமரவிளையும் நெய்யாற்றின்கரையும், தெற்கே பாறசாலையும் இருக்கின்றன. பாறசாலையைத் தாண்டிச் சிறிது தூரம் சென்றால் களியக்காவிளை வருகிறது. அங்கே கடைப் பலகைகளின் எழுத்து மாறுகிறது, பஸ்ஸின் நிறம் மாறுகிறது, மாநிலமும் மாறுகிறது. 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் தேதி தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்தோடு நின்றது. கோடு அப்படி விழுந்தது. ஆனால் அதற்கு நெடுங்காலத்துக்கு முன்பிருந்தே மக்கள் இந்தச் சாலை வழியே தொழிலைத் தேடி வந்துகொண்டுதான் இருந்தார்கள். பாலராமபுரத்துச் சாலியர் தெருவில் இன்றும் தறி நெய்யும் குடும்பங்களின் முன்னோர், பாலராம வர்மா மன்னர் காலத்தில் தெற்கேயிருந்து வந்து குடியேறியவர்களே. அவர்கள் நெய்யும் துணியை வாங்கி விற்கத்தான் நானும் 1991இல் இவ்வூருக்கு வந்து சேர்ந்தேன்.

குடியேறியவர்களுக்குக் கூட்டம் இன்றியமையாதது. வீடு பார்க்கவும், பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்கவும், ரேஷன் அட்டை வாங்கவும், நோய் வந்தால் துணைக்கு நிற்கவும் நமக்கு நாமேதான். சங்கம் என்று ஒன்று தோன்றியதே அதற்காகத்தான். ஆதலின், கூட்டமாகப் போவதை நான் குறை சொல்வதாக எவரும் எண்ண வேண்டாம். எனினும், எப்போதும் கூட்டத்திலேயே வாழ்பவனுக்குத் தனக்கென்று சிறிது நேரம் வேண்டியிருக்கிறது. அந்த நேரம் எனக்கு வண்டியின்மேல் கிடைக்கிறது.

சித்திரை மாதத்துப் பயணத்தையே எடுத்துக்கொள்வோம். விடியற்காலை 4 மணிக்குப் பதினொரு வண்டிகள் புறப்பட்டன. கன்னியாகுமரிக்கு ஏறத்தாழ 60 கிலோமீட்டர். கதிரவன் எழுவதைக் கண்டோம், சேர்ந்து காபி அருந்தினோம், சிரித்து மகிழ்ந்தோம். எல்லாம் இனிமையாகவே இருந்தன. ஆனால் போகும்போதும் வரும்போதும் நான் பார்த்தது என்ன? எனக்கு முன்னால் போன வண்டியின் சிவப்பு விளக்கைத்தான். வேளிமலையை நான் பார்க்கவில்லை. குழித்துறைப் பாலத்தின்கீழ் ஆற்றில் எவ்வளவு நீர் ஓடிற்று என்று கேட்டால் என்னால் சொல்ல முடியாது. முன்னே போகிறவர் பிரேக் பிடித்தால் பிடிக்க வேண்டும். அவர் விரைந்தால் விரைய வேண்டும். பின்னே வருகிறவர் இருக்கிறாரா என்று கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. அதை இளைஞர்கள் சிந்திக்க வேண்டும். முதல் வண்டி 50 கிலோமீட்டர் வேகத்தில் சீராகப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு சந்திப்பில் முன் வண்டிகள் கடந்துவிடுகின்றன. பின் வண்டிகள் நின்றுவிடுகின்றன. வழி திறந்தபின் கடைசி வண்டிக்காரர் அந்த இடைவெளியை எப்படி ஈடுசெய்வார்? 70 வேகத்தில் விரட்டித்தான். ஒவ்வொரு சந்திப்பிலும், ஒவ்வொரு வளைவிலும் இதே கதைதான். தலைவர் நிதானமாகப் போனதாக நினைத்துக்கொண்டிருப்பார். வாலில் வருபவர் வழியெல்லாம் பறந்துகொண்டிருப்பார். கேரளத்தில் 2023 ஜூலை முதல் இருசக்கர வண்டிகளுக்கு உச்ச வேகம் 60 கிலோமீட்டர்தான் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். கூட்டத்தில் மிகவும் தயங்கி ஓட்டுபவரே பெரும்பாலும் பின்தங்கிப் போகிறார். ஆக, யாருக்கு வேகம் கூடாதோ அவர் தலையிலேயே வேகம் வந்து விடிகிறது.

நிற்க. அன்று நடந்த ஒரு நிகழ்ச்சியை இனிச் சொல்லத்தான் வேண்டும்.

என் அண்ணனின் வீடு சுசீந்திரத்தை அடுத்து, சாலையோரத்திலேயே இருக்கிறது. எங்கள் தந்தையார் காலமான பிறகு ஒரு தென்னந்தோப்பும் அதிலுள்ள கிணறும் யார் பங்கு என்பதில் எங்களுக்குள் மனத்தாங்கல் வந்தது. மூன்று ஆண்டுகளாகப் பேச்சு இல்லை. கல்யாணம், காரியம் எதிலும் முகம் பார்ப்பதில்லை. அன்று திரும்பி வரும்போது மணி 9 இருக்கும். அண்ணன் திண்ணையில் உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். எங்கள் வண்டிகளின் ஓசை கேட்டுத் தலையை நிமிர்த்தினார். நான் பார்த்தேன். அவரும் பார்த்தார் என்றே எனக்குத் தோன்றிற்று. முடி முழுவதும் நரைத்திருந்தது. மூன்று ஆண்டுகளில் ஒரு மனிதர் இத்தனை மூப்படைவாரா?

நான் நிறுத்தவில்லை. நிறுத்தினால் பின்னால் வரும் நான்கு வண்டிகள் தடுமாறும். முன்னால் போகும் ஆறு வண்டிகளும் எங்கேயோ நின்று காத்திருக்கும். 'என்ன ஐயா, என்ன ஆயிற்று?' என்று பத்துப் பேர் கேட்பார்கள். இவையெல்லாம் உண்மை. ஆனால் வீட்டுக்கு வந்து அன்றிரவு படுத்தபோது ஒன்று விளங்கிற்று. நிறுத்தாமல் இருப்பதற்குக் கூட்டம் எனக்கு நல்ல சாக்காக அமைந்தது. சாக்கு கிடைத்ததில் உள்ளூர ஆறுதலும் பட்டேன். அதை எண்ணி வெட்கப்பட்டேன்.

என் வண்டியைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும். அது 350 சி.சி. புல்லட். அன்பர்களில் பலர் அதன் ஓசையை அறிவார்கள். சிலர் அதைப் பற்றிக் குறைப்பட்டும் இருக்கிறார்கள். அந்த வண்டியின் வரலாறு நம்மைப் போன்றவர்களுக்குப் பிடிக்கும். ராயல் என்பீல்டு என்பது இங்கிலாந்தில் ரெட்டிச் என்னும் ஊரில் இருந்த நிறுவனம். நம் இராணுவத்துக்கு எல்லைக்காவலுக்காக அந்த வண்டிகள் தேவைப்பட்டன. 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனத்தார் அவர்களோடு கூட்டுச் சேர்ந்து, 'என்பீல்டு இந்தியா' என்ற பெயரில் சென்னையில் தொழிலைத் தொடங்கினார்கள். திருவொற்றியூரில் ஆலை எழுந்தது. பிறகு நடந்ததுதான் வியப்பு. 1967இல் ரெட்டிச் ஆலை மூடப்பட்டது. 1970களின் தொடக்கத்துக்குள் இங்கிலாந்தில் அந்நிறுவனமே மறைந்துபோயிற்று. திருவொற்றியூரில் மட்டும் வண்டி தொடர்ந்து பிறந்துகொண்டிருந்தது. 1977 முதல் இங்கிலாந்துக்கே இங்கிருந்து ஏற்றுமதியும் ஆயிற்று. பிறந்த மண்ணில் அற்றுப்போன குடும்பம், குடியேறிய மண்ணில் தழைத்தது போல!

என்னிடம் இருக்கும் புல்லட்டை 1984இல் வாங்கியவர் என் அண்ணன். எனக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தவரும் அவரே. அந்தக் காலத்து புல்லட்டுக்கு இன்றைய வண்டிகளைப் போலப் பொத்தான் கிடையாது. ஆம்பியர் காட்டும் முள் நடுவே வந்து நிற்கும்வரை கிக்கரை மெல்ல அழுத்த வேண்டும். இடக்கையால் டிகம்ப்ரஸர் பிடியை இழுத்து, பிஸ்டனைச் சற்றே தாண்டவிட்டு, பிடியை விட்டு, பிறகு ஒரே உதை. அவசரப்பட்டு உதைத்தால் கிக்கர் திரும்பிக் காலை அடிக்கும். "வண்டியோடு சண்டை போடாதே, தம்பி. அது தயாராகும் வரையில் காத்திரு" என்பார் அண்ணன். 1991இல் நான் இவ்வூருக்குப் புறப்பட்டபோது, "வேற்றூரில் பஸ்ஸுக்குக் காத்துக் கிடக்காதே" என்று சொல்லிச் சாவியை என் கையில் வைத்தார். அந்த வண்டியின்மேல் ஏறித்தான் அவர் வீட்டு வாசலை நிறுத்தாமல் கடந்தேன்.

இனி, தனியே போவதில் என்ன இன்பம் என்று தம்பி கேட்டதற்கு வருகிறேன்.

முதல் இன்பம், வேகம் நம்முடையதாக இருப்பது. வண்டிக்கு எது சுகமோ, உடம்புக்கு எது சுகமோ, அந்த வேகத்தில் போகலாம். என் வண்டிக்கு 45 மிகவும் பிடித்தமான வேகம். அந்த வேகத்தில் எஞ்சினின் ஒவ்வொரு துடிப்பையும் எண்ணிவிடலாம் போல இருக்கும். எங்கே ஒலி மாறுகிறது, எங்கே செயின் தளர்ந்திருக்கிறது என்பதெல்லாம் காதில் விழும்.

இரண்டாவது இன்பம், நாட்டைப் பார்ப்பது. பார்ப்பது மட்டுமன்று, முகர்வதும். மார்த்தாண்டத்தை நெருங்கும்போது கொடியில் காயும் ரப்பர் ஷீட்டின் புளித்த வாடை வரும். தக்கலையைத் தாண்டினால் வேளிமலையிலிருந்து இறங்கும் குளிர்ந்த காற்று முகத்தில் படும். நாகர்கோவிலைக் கடந்தால் வயலின் சேற்று மணம். காரிலும் பஸ்ஸிலும் கண்ணாடிக்கு அப்பால் நிற்கும் நாடு, வண்டியில் போகும்போது நம் மேலேயே வந்து படிகிறது. ஆரல்வாய்மொழிக் கணவாயில் ஆடி மாதம் போய்ப் பாருங்கள். முப்பந்தலில் நூற்றுக்கணக்கான காற்றாலைகளைச் சுழற்றும் அந்தக் காற்று, வண்டியோடு ஆளையும் சேர்த்துப் பக்கவாட்டில் தள்ளும். அங்கே உடலைச் சற்றே காற்றின் பக்கம் சாய்த்து, வேகத்தைக் குறைத்து, இருபுறமும் இடம் விட்டு ஓட்ட வேண்டும். அருகருகே நான்கு வண்டிகள் போகத்தக்க இடமன்று அது.

மூன்றாவது இன்பம், நினைத்த இடத்தில் நிற்பது. தக்கலையிலிருந்து சிறிது தூரத்திலுள்ள பத்மநாபபுரம் அரண்மனையை நான் எத்தனையோ முறை கூட்டத்தோடு கடந்து போயிருக்கிறேன். தமிழ்நாட்டு மண்ணில் இருந்துகொண்டே கேரள அரசின் பராமரிப்பில் இருக்கும் அந்த அரண்மனை, இரண்டு பக்கமும் உறவு வைத்திருக்கும் நம்மைப் போன்றது. ஒரு நாள் தனியே போனபோதுதான் உள்ளே சென்று, அதன் மர வேலைப்பாட்டை இரண்டு மணி நேரம் நின்று பார்த்தேன். 'போகலாமா?' என்று கேட்பார் யாரும் இல்லை.

நான்காவது இன்பத்தை நான் எதிர்பார்க்கவே இல்லை. தனியே போகிறவனிடம் மனிதர்கள் பேசுகிறார்கள். ஒரு முறை வில்லுக்குறிக்கு அருகில் கிளட்ச் கேபிள் அறுந்துவிட்டது. வண்டியைத் தள்ளிக்கொண்டு போனேன். சைக்கிள் கடை முதியவர் ஒருவர் தாமாகவே எழுந்து வந்தார். ஒரு துண்டுக் கம்பியையும் ஒரு திருகாணியையும் வைத்து, நாகர்கோவில் வரையில் தாங்கும்படி கட்டிக் கொடுத்தார். காசு வாங்கவில்லை. தம் மகளை நெய்யாற்றின்கரையில் கட்டிக் கொடுத்திருப்பதாகச் சொன்னார். இப்போது அந்தப் பக்கம் போனால் அவரைப் பார்க்காமல் வருவதில்லை. அன்று பதினொரு பேராக நின்றிருந்தால் அவர் எழுந்து வந்திருப்பாரா? 'அவர்களுக்குள் பார்த்துக்கொள்வார்கள்' என்று இருந்திருப்பார்.

உலகத்தைத் தனியே சுற்றியவர்கள் இதை நன்கு அறிந்தவர்கள். டெட் சைமன் என்னும் ஆங்கிலப் பத்திரிகையாளர் 1973இல் ஒரு டிரையம்ப் வண்டியில் தனியே புறப்பட்டு, நான்கு ஆண்டுகள் உலகைச் சுற்றினார். நம் நாட்டிலும் ஓட்டினார். எல்ஸ்பெத் பியர்டு என்னும் பெண்மணி, கட்டடக்கலை மாணவியாக இருந்தபோதே, 1982இல் பழைய பி.எம்.டபிள்யூ. வண்டி ஒன்றில் தனியே கிளம்பி, 1984இல் வீடு திரும்பினார். அவரும் இந்தியா வழியே வந்தவரே. தனிப் பயணம் ஆண்களுக்கு மட்டும் உரியது என்று எண்ணும் தந்தையர் நம்மில் இருந்தால், இதைச் சற்றே நினைத்துப் பார்க்கட்டும். உலகைச் சுற்ற வேண்டாம். ஸ்கூட்டரில் நெய்யாற்றின்கரைக்கு வேலைக்குப் போய் வரும் நம் பெண்ணும், அந்த அரைமணி நேரம் தனக்கே உரியது என்று மகிழக் கூடாதா?

இன்பத்தைச் சொன்ன வாயால் ஆபத்தையும் சொல்லாவிட்டால் அது நேர்மையாகாது. தனியே ஓட்டுவதில் பெரும் பித்துக் கொண்டிருந்தவர் 'அரேபிய லாரன்ஸ்' என்று பெயர் பெற்ற டி. இ. லாரன்ஸ். பிரப் சுப்பீரியர் என்னும் விலையுயர்ந்த வண்டிகளை ஒன்றன்பின் ஒன்றாக வைத்திருந்தார். 1935 மே 13ஆம் தேதி, இங்கிலாந்தில் தம் குடிலுக்கு அருகில், சைக்கிளில் வந்த இரண்டு சிறுவர்கள் திடீரென்று எதிர்ப்பட, அவர்கள்மேல் மோதாமல் திருப்பப் போய் விழுந்தார். தலையில் கவசம் இல்லை. ஆறு நாட்கள் நினைவின்றிக் கிடந்து, 19ஆம் தேதி உயிர் துறந்தார். வயது 46. அவரைக் கவனித்த மருத்துவர்களுள் ஒருவர் ஹியூ கெய்ர்ன்ஸ் என்னும் மூளை அறுவை நிபுணர். இப்படி ஒரு மனிதரை இழக்க நேர்ந்ததே என்ற எண்ணம் அவரை விடவில்லை. மோட்டார் சைக்கிள் ஓட்டுபவர்களின் தலைக்காயங்களை ஆராய்ந்து 1941இல் கட்டுரை வெளியிட்டார். அதே ஆண்டில் பிரிட்டிஷ் இராணுவம் தன் வண்டியோட்டிகளுக்குத் தலைக்கவசத்தைக் கட்டாயமாக்கிற்று. நம் நாட்டிலும் 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 129ஆம் பிரிவு அதையே சொல்கிறது. பக்கத்துக் கடைக்குப் போனாலும் கவசம் அணியுங்கள், வாரை மாட்டிக்கொள்ளுங்கள். வார் மாட்டாத கவசம் விழும்போது உடன் வராது.

தனியே போகிறவர் வேறு சில விதிகளையும் கைக்கொள்ள வேண்டும். எந்த வழியாகப் போகிறோம், எப்போது திரும்புவோம் என்று வீட்டில் சொல்லிவிட்டே புறப்பட வேண்டும். என் மனைவி இதில் கண்டிப்பானவள். வழி மாறினால் தொலைபேசியில் சொல்ல வேண்டும் என்பது எங்கள் வீட்டுச் சட்டம். சட்டைப் பையில் பெயர், இரத்தப் பிரிவு, வீட்டு எண் எழுதிய சீட்டு இருக்கட்டும். ஸ்பார்க் பிளக் ஒன்று, கிளட்ச் கேபிள் ஒன்று, தண்ணீர் ஒரு புட்டி, இவற்றைச் சுமப்பது கடினமன்று. இருட்டுமுன் திரும்புவது நல்லது. வழியில் யாரேனும் விழுந்து கிடக்கக் கண்டால் நிறுத்தி உதவுங்கள், 108க்குச் சொல்லுங்கள். நல்லெண்ணத்தோடு உதவுபவரை வழக்கில் இழுக்கக் கூடாது என்று 2019இல் சட்டம் திருத்தப்பட்டிருக்கிறது. ஆதலின் அஞ்ச வேண்டியதில்லை. நாம் விழுந்து கிடக்கும் நாளில் நிற்கப் போகிறவரும் முன்பின் அறியாத ஒருவர்தானே?

கூட்டமாகப் போவதற்கென்றே அமைந்த பயணங்களும் உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. மகாசிவராத்திரியன்று முன்சிறைத் திருமலையில் தொடங்கித் திருநட்டாலம் வரையில் 12 சிவாலயங்களைச் சுற்றிவரும் சிவாலய ஓட்டத்தைப் பாருங்கள். காவி உடுத்து, கையில் விசிறியோடு, "கோவிந்தா, கோபாலா" என்று முழங்கிக்கொண்டு ஓடுவது தொன்றுதொட்டு வந்த வழக்கம். இப்போது பலர் மோட்டார் சைக்கிளிலும் போகிறார்கள். அங்கே கூட்டம்தான் அழகு. அப்படிப் போகும்போது ஐந்து ஐந்து வண்டிகளாகப் பிரிந்து போங்கள். இணையாகப் போகாமல் முன்பின்னாக விலகிப் போங்கள். மெதுவாக ஓட்டுபவரைத் தலைவருக்கு அடுத்தபடி நிறுத்தி, நன்கு ஓட்டத் தெரிந்தவரைக் கடைசியில் வையுங்கள். அடுத்து எங்கே நிற்பது என்று முன்கூட்டியே பேசிக்கொண்டால் யாரும் யாரையும் விரட்ட வேண்டியதில்லை.

இப்போது விட்ட கதையைத் தொடர்கிறேன்.

சித்திரைப் பயணம் முடிந்து இரண்டு வாரம் கழித்து, ஒரு ஞாயிறு காலை, நான் தனியே புறப்பட்டேன். எங்கே என்று மனைவி கேட்டாள். "சுசீந்திரம் வரை" என்றேன். அவள் மேலே ஒன்றும் கேட்கவில்லை. ஒரு பையில் நேந்திரங்காய் உப்பேரியைக் கட்டிக் கொடுத்தாள். அண்ணனுக்கு அது பிடிக்கும்.

குழித்துறைப் பாலத்தின் பக்கம் வந்ததும் வண்டியை ஓரமாக நிறுத்தினேன். ஆற்றைப் பார்ப்பதாகப் பெயர். உண்மையில், திரும்பிவிடலாமா என்று யோசித்தேன். கால்மணி நேரம் நின்றேன். கூட்டம் இருந்தால் யாராவது ஹாரன் அடித்திருப்பார்கள்; நானும் போகிற போக்கில் போயிருப்பேன். இங்கே திரும்புவதும் என் செயல். போவதும் என் செயல். போனேன். தக்கலையில் மறுபடியும் நின்று ஒரு தேநீர் குடித்தேன். 'அவர் எழுந்து உள்ளே போய்விட்டால்?' என்று மனம் கேட்டது. பார்வதிபுரத்தில் மூன்றாம் முறை நின்றேன். 'போனால் என்ன? உப்பேரியைத் திண்ணையில் வைத்துவிட்டு வருவோம்' என்று விடை வந்தது. மூன்று ஆண்டுகளாகத் தோன்றாத விடை, இத்தனை தூரம் தனியே ஓட்டியதில் தோன்றிற்று.

மணி 11. அண்ணன் திண்ணையில்தான் இருந்தார். நான் எஞ்சினை நிறுத்தினேன். அவர் செய்தித்தாளிலிருந்து தலையை எடுக்காமலே சொன்னார்: "வண்டியை வேம்பு நிழலில் நிறுத்து. டாங்கி சூடாகும்."

மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு நான் கேட்ட முதல் வார்த்தை அது. வண்டியை நிழலில் நிறுத்திவிட்டு வந்தேன். மதினி செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்; முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். சிறிது நேரம் சென்று அண்ணன் மீண்டும் பேசினார். "அன்றைக்குப் பதினொரு வண்டி போயிற்று. ஏழாவது நம் வண்டி. கண்ணால் பார்க்கும் முன்பே சத்தத்தில் தெரிந்துவிட்டது. டாப்பெட் ஓசை அதிகமாக இருக்கிறதே, கவனிக்கவில்லையா?"

கவனிக்கவில்லை என்று ஒப்புக்கொண்டேன். அவர் உள்ளே போய்ப் பழைய ஸ்பானர்களை எடுத்து வந்தார். அந்த வண்டியின் டாப்பெட்டை எஞ்சின் நன்றாக ஆறியபின்தான் சரிசெய்ய வேண்டும். ஆதலால் காத்திருந்தோம். வேப்ப மரத்தடியில், வண்டிக்கு இருபுறமும் இரண்டு பலகைகளைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, எஞ்சின் ஆறும் வரையில் பேசிக்கொண்டிருந்தோம். தோப்பைப் பற்றி அல்ல. அப்பாவைப் பற்றி, அண்ணனின் கண்புரை அறுவையைப் பற்றி, என் மகளின் படிப்பைப் பற்றி. பிறகு அவர் கைகாட்ட நான் திருகினேன். கண் தெளிவில்லாவிட்டாலும், விரலால் தள்ளுகோலைச் சுழற்றிப் பார்த்தே, "போதும், இங்கே நிறுத்து" என்றார்.

தோப்பு விவகாரம் தீர்ந்துவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். தீரவில்லை. பத்திரம் இன்னும் வக்கீல் வீட்டில் இருக்கிறது. ஆனால் கிணற்றில் இரு வீட்டாரும் தண்ணீர் எடுத்துக்கொள்ளலாம் என்று அன்று மாலை அண்ணனே சொன்னார். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் களியக்காவிளையைத் தாண்டிப் போவது எதற்காக என்று இப்போது தம்பிக்குத் தெரிந்திருக்கும்.

இனித் தம்பிக்கு ஒரு வார்த்தை. அடுத்த முறை நீங்கள் கன்னியாகுமரிக்குப் போகும்போது நானும் வருகிறேன். ஆனால் எல்லோருக்கும் கடைசியில், என் 45 வேகத்தில்தான் வருவேன். எனக்காக எவரும் காத்திருக்க வேண்டாம். திரும்பும்போது சுசீந்திரத்தை அடுத்து, வாசலில் வேப்பமரம் நிற்கும் வீட்டருகே நான் பிரிந்துவிடுவேன். அதற்காகவும் வருந்த வேண்டாம். மதினியிடம் இதைச் சொன்னபோது, "பதினொரு வண்டியும் இங்கேயே நிற்கட்டும். முந்தின நாள் மட்டும் சொல்லிவிடுங்கள், அரிசி ஊறப்போட வேண்டும்" என்றாள்.

ஆகவே, போவதற்கு முந்தின நாள் என்னிடம் சொல்லிவிடுங்கள்.